ரப்பர் மர நிழலில் வளர்ந்தவள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே ஆரியங்கோட்டில் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு, பெங்களூர் அருகே நடந்த தடைதாண்டும் போட்டிக்குப் போயிருந்தோம். நான், என் தம்பி, குதிரையேறும் தம்பி மகள் ஆகிய மூன்று பேர்.

தம்பி வளைகுடா நாட்டில், போட்டிக் குதிரைகள் வளர்க்கும் லாயத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். ஊர் திரும்பியதும் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு லாயம் கட்டினான். நல்ல இனத்தில் இரண்டு பெட்டைக் குதிரைகளை வாங்கிக் குட்டிகளை வளர்க்க ஆரம்பித்தான். சபையில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெரியவர்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள். "எலே, இனி ரப்பர் பால் வெட்ட குதிரையில ஏறியா போவ?" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

பவளம் எங்கள் லாயத்தில் பிறந்த முதல் குட்டி. சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அப்போது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. தீவனமும் மருந்தும் நேரம் தவறாமல் கொடுப்பது என் வேலை. பழக்குவது தம்பி, மகள் இருவரின் வேலை. தம்பிக்கு இருந்த கவலையெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். போட்டியில் ஒலிபெருக்கி அலறும், கூட்டம் கைதட்டும், குட்டி மிரளும் என்பான். அதனால் சபையின் கன்வென்ஷன் கூட்டப் பந்தல் பக்கமாகவும், அம்பலத்துத் திருவிழாவில் செண்டை மேளம் முழங்கும் வழியாகவும் அவளை நடத்திக் கூட்டிப் போவான். கடைசியில், பக்கத்தில் வெடி வெடித்தாலும் காதை மட்டும் அசைத்துவிட்டுப் புல் தின்ன ஆரம்பித்துவிடுவாள்.

தாண்டும் பயிற்சி மட்டும் மரங்களுக்கு அடியில். வளைகுடாவில் பயிற்சிக் களத்துக்குக் கூரை உண்டாம். கூரை போட எங்களுக்கு வசதியில்லை. அடர்ந்த ரப்பர் மரங்களே கூரை என்று சொல்லி, தோட்டத்தின் நடுவே இடம் ஒதுக்கி மணல் பரப்பியிருந்தான். வெயில் இறங்காத குளிர்ச்சியான இடம். பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் பெருமையாகக் காட்டுவோம்.

புறப்படுவதற்கு முன் தம்பி என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். "இவ அங்க தாண்டினா நம்ம கிட்ட நிப்பா. இல்லன்னா கல்யாண ஊர்வலத்துக்கு குதிரை விடுத ஆளு நாகர்கோவில்ல உண்டு, அவருக்கு குடுத்துருவேன். பிறவு நீ என்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது அக்கா." தாண்டாத குதிரையை வைத்துத் தீனி போடச் சின்னப் பண்ணையால் முடியாது. அது எனக்கும் தெரியும்.

முதல் நாள் காலை, மைதானத்துக்கு வெளியே பெரிய மரங்களின் கீழ் குதிரைகளைத் தயார்ப்படுத்தும் இடத்தில் பவளம் அழகாகத் தாண்டினாள். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி, கைதட்டல், கொடிகள் எதையும் அவள் சட்டை செய்யவில்லை. நல்ல ஓட்டத்தில் முதல் தடையை நோக்கி வந்தவள், அதன் முன்னால் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டாள். சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தபோதும் அதேதான். வேலிக்கு இப்பால் நின்ற தம்பி, "ஒண்ணு குடு மக்கா" என்று கத்தினான். மகள் தயங்கித் தயங்கிச் சாட்டையால் ஒன்று போட்டாள். பவளம் நடுங்கினாள், ஆனால் நகரவில்லை. மணியடித்து வெளியேற்றிவிட்டார்கள்.

கொட்டகைக்கு வந்ததும் தம்பி பிடிவாதம் பிடித்த ஜென்மம் என்றான். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் மட்டும் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பிடிவாதம் இல்ல அப்பா, பயம் ஆக்கும். என்னத்துக்குன்னு தான் தெரியல்ல" என்றாள். அவன் வெளியே போய் நாகர்கோவிலுக்கு போன் போட்டான். நல்லவேளை, அவர் எடுக்கவில்லை.

அப்போது ஒரு பெண் எங்களைத் தேடி வந்தார். என் வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அதே பிரிவில் அவருடைய இளம் குதிரையும் இறங்கியிருந்தது. எங்கே வைத்துப் பழக்கினீர்கள் என்று கேட்டார். தம்பி வேண்டாவெறுப்பாகப் பதில் சொன்னான். ரப்பர் மரத்தடி என்றதும் அவர் தலையாட்டினார்.

"உங்க குதிரை தடைக் கட்டையைப் பாத்து நிக்கலீங்க. கட்டையோட நிழல் மணல்ல கறுப்பா விழுந்து கெடந்துதே, அதைப் பாத்துத்தான் நின்னுது. தாண்டற எடத்துல அப்படி ஒண்ணை அது பாத்ததே இல்லீங்களே."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேயப் போகும்போது வேலி நிழல், மர நிழல் எல்லாம் பார்த்திருப்பாள். ஆனால் தாண்டச் சொன்ன இடத்தில், தடையின் அடியில், நிழல் கிடந்ததே இல்லை. அவள் கண்ணுக்கு அங்கே ஒரு பள்ளம் வாய் திறந்து கிடந்திருக்கும்.

மறுநாள் இன்னொரு சுற்று பாக்கி இருந்தது; முதல் நாள் வெளியேறிய குதிரைகளும் அதில் இறங்கலாம். அன்று சாயங்காலமே அந்தப் பெண் தன்னுடைய கிழட்டுக் குதிரை ஒன்றைக் கூட்டி வந்தார். திறந்த வெளியில் ஒரே ஒரு கட்டையைத் தாழ்வாக வைத்தார். சாய்ந்த வெயிலில் அதன் நிழல் நீளமாக விழுந்தது. கிழட்டுக் குதிரை அலட்சியமாக அதன் மேல் நடந்து போனது. பின்னால் வந்த பவளம் தலையைத் தாழ்த்தி, நிழலை முகர்ந்து, மூச்சை உஸ்ஸென்று விட்டாள். பிறகு ஒரு காலை எடுத்து அதன் மேல் வைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பத் திரும்ப நடத்தினார்கள். இருட்டுவதற்குள் அவளாகவே தாண்ட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, வரும்போது அந்த ரப்பர் மரங்களையும் லாரியில ஏத்தீட்டு வந்திருக்கோணும்" என்றார் அந்தப் பெண். அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த தம்பி அப்போதுதான் சிரித்தான்.

மறுநாள் பவளம் ஒரு கட்டையைத் தட்டினாள். மற்ற எல்லாவற்றையும் நிற்காமல் தாண்டினாள். கடைசி ரிப்பன் எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு அடுத்த இடம் அந்தப் பெண்ணின் குதிரைக்கு. அதற்கு ஒன்றும் இல்லை. கொண்டு போயிருந்த நேந்திரங்காய் வற்றலை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், உங்கள் குதிரைக்குப் போக வேண்டியதல்லவா என்று ஏதோ உளறினேன். அவர் வற்றலைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணுமே புரியாம அது அடி வாங்கறதைப் பாத்துட்டேனுங்க. அதுக்கப்பறம் சும்மா இருக்க முடியுங்களா?" என்றார்.

திரும்பி வரும் வழியில் நாகர்கோவில்காரர் தம்பியைத் திருப்பி அழைத்தார். "ஒண்ணும் இல்ல அண்ணே, சொகம் விசாரிக்க விளிச்சேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். பாதை அகலப்படுத்தக்கூட ஒரு மரம் தரமாட்டேன் என்று நின்றவன், ஊர் வந்ததும் பால் தந்துகொண்டிருந்த ஒரு வரிசை மரங்களை வெட்டிப் பயிற்சிக் களத்துக்கு வெயிலை இறக்கினான். பவளத்துக்குப் பின் பிறந்த குட்டிகள் அந்த வெயிலில்தான் தாண்டிப் பழகுகின்றன.

இப்போதெல்லாம் யாராவது எதற்காவது தயங்கி நின்றால், பிடிவாதம் என்று சொல்ல வாயெடுப்பதற்கு முன், அவர்கள் காலடியில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுகிறேன்.