ஹாம்பர்க் வாசலில் சீல் வேட்டை நோட்டீஸ்

ஹாம்பர்க் ரயில் நிலைய வாசல். ஆர்க்டிக் மக்களுக்கான அமைப்பில் இன்று என் இன்டர்ன்ஷிப் தொடங்குகிறது. முதுகுப்பையை இறக்குவதற்குள் கையில் நோட்டீஸ் கட்டைத் திணித்துவிட்டார்கள். சீல் என்னும் கடல்நாய் வேட்டையைத் தடைசெய்தால் அந்த ஆர்க்டிக் சனங்களின் பிழைப்பு போய்விடும் என்கிறது நோட்டீஸ். வாங்குகிறவர்கள் நாலடி தள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள்.

ஒரு பெண் நிற்கிறார். “தம்பி, தமிழோ?”

“ஆமாக்கா, சென்னை.”

“ஊரிலை சண்டையிலை எங்கட சனம் சாகேக்கை நாங்களும் இந்த வாசலிலைதான் நிண்டு நோட்டீஸ் குடுத்தனாங்கள். ஒருத்தரும் வாசிக்கேல்லை. ஒண்டு தாங்கோ.”

மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார்.

பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஜெர்மன் ஒருங்கிணைப்பாளர் வருகிறார். “வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுத்து வீணாக்காதே. அவர்களுக்கு இங்கே ஓட்டுக் கிடையாது.”

தலையாட்டுகிறேன். அடுத்து வரும் வெள்ளைக்காரரிடம் நீட்டுகிறேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போகிறார்.