எபனேசர் சார் வெட்டிய பட்டப்பெயர்

எபனேசர் சாருக்கு இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தெட்டுப் பேர் அவரிடம் மதிப்பெண் வாங்க வேண்டியவர்கள். மீதி மூன்றில் ஒன்று அதே துறையில் பாடம் நடத்தும் நான், ஒன்று ஒரு செருப்புக்கடை, இன்னொன்று கடவுச்சொல் மறந்துபோய் அவரே கைவிட்ட அவருடைய பழைய கணக்கு.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் கல்லூரியின் தொடர்பியல் துறையில் ஆறு வருடம் சமூக ஊடகப் பாடம் நடத்தினார். போன கார்த்திகையில் அவர் இறந்தபோது, இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவருடைய கடமையுணர்வைப் பற்றியே பேசினார்கள். உண்மைதான். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது.

அவருடையது தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம். தினமும் காலை பஸ்ஸில் உத்தமபாளையத்துக்கு வந்து இறங்குவார். மாணவர்கள் நடத்த ‘பள்ளத்தாக்குச் சேதி’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தார். செய்முறைத் தாளுக்கான நாற்பது மதிப்பெண்ணும் அதில்தான். பதிவுகளுக்கு வரும் வசைகளை வகுப்பில் திரையில் போட்டு, வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் நிதானமாக வாசிப்பார். “போங்கடா வெண்ணெய்களா. இத்துடன் கருத்துகள் முடிவடைகின்றன.” வகுப்பு உருண்டு புரளும்.

அந்தப் பக்கத்துக்குக் கம்பத்திலிருந்து செய்தி எழுதியவள் கடைசி வருட மாணவி பாஜிலா. ஒரு நாள் காலையில், ‘தோல்மண்டி சேக் தாவூது காலமானார், வயது எழுபத்திரண்டு’ என்று எழுதி அனுப்பினாள். செய்தியில் பட்டப்பெயர் கூடாது என்பது பாடப்புத்தக விதி. எபனேசர் சார் தோல்மண்டியை வெட்டிவிட்டு, ‘கம்பம் வணிகர் சேக் தாவூது’ என்று திருத்தி வெளியிட்டார்.

கம்பத்தில் சேக் தாவூதுகள் குறைந்தது ஐந்து பேர், எல்லோரும் வணிகர்கள். பள்ளிவாசல் அறிவிப்பைக் கேட்ட உள்ளூர்க்காரர்களுக்குக் குழப்பமில்லை. பதிவை மட்டும் பார்த்த வெளியூர்க்காரர்கள், தங்களுக்குத் தெரிந்த தாவூதுக்காக அழுதார்கள். அதிகம் பேருக்குத் தெரிந்தவர், ஒரு காலத்தில் சோடா கம்பெனி வைத்திருந்த சோடா தாவூது.

மதியத்துக்குள் சோடா தாவூதின் மகன் இத்ரீஸ் முதல்வருக்குப் போன் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அவர்கள் சமாதானமாகாவிட்டால் எழுதிய பெண்ணின் தாளை ரத்து செய்வதாக முதல்வர் சொன்னார். அது போனால் பாஜிலாவுக்குப் பட்டம் இல்லை. அவள் வீட்டில் இன்னொரு வருடம் படிக்க விடவும் மாட்டார்கள். எபனேசர் சார் அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினார்.

சோடா தாவூது வீட்டு வாசலில் ஐம்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார்.

“துக்கம் கேக்க வந்தீகளா? வாங்க, வாங்க. செத்துப்போன மய்யித்து இங்கனதான் டீ குடிச்சுக்கிட்டு இருக்கு.”

எபனேசர் சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மன்னிக்க வேண்டும் என்றார்.

“செத்தேன்னு போட்டதக்கூடப் பொறுத்துக்கிடலாம் சார். எழுவத்திரெண்டு வயசுன்னு போட்டிருக்கீகளே! எனக்கு அறுவத்தாறுதான் நடக்குது.”

“அறுவத்தெட்டு!” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

இத்ரீஸுக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா சின்னமனூர்ல இருந்து ஆட்டோவுல அழுதுக்கிட்டே வந்தாக. வழியில எதும் ஆகியிருந்தா? எழுதுன புள்ள யாரு? அது எனக்குத் தெரியணும்.”

பாஜிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் எபனேசர் சார் பேசிவிட்டார்.

“பிள்ளை சரியாத்தான் எழுதுச்சு. தோல்மண்டின்னு போட்டுத்தான் அனுப்புச்சு. அத வெட்டுனது நான்.”

சோடா தாவூது டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“வெட்டுனீகளா? ஏன் சார், இந்த ஊர்ல தோல்மண்டியையும் சோடாவையும் எடுத்துட்டா நாங்க எல்லாரும் ஒரே ஆளுதான். தபால்காரர் அய்யாத்துரையக் கேட்டுப் பாருங்க, வெறும் பேரோட வந்த கடுதாசிய எத்தன வீட்டுக்குத் தூக்கிட்டு அலையிறாகன்னு.”

“தெரியாமப் போச்சு பாய்.”

“நீ ஏன் ஆத்தா நிக்கிற? உக்காரு,” என்று பாஜிலாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். “அப்ப நீங்க சொன்னத அப்படியே போட்டுருங்க சார். யாரு வெட்டுனதுன்னு, பேரோட. இவனும் பெரிய சாருகிட்டப் பேசிருவான்.”

இத்ரீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் தலையாட்டினார்.

எபனேசர் சார் அங்கேயே உட்கார்ந்து, பாஜிலாவின் போனில் ஒற்றை விரலால் தட்டினார். மாணவி எழுதியது சரி, தவறாகத் திருத்தியவர் ஆசிரியர் எபனேசர் என்று இரண்டே வரி. முதல்வருக்கும் அதையே கடிதமாக எழுதிக் கொடுத்தார். கல்லூரி அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியது. பக்கத்தின் பொறுப்பு ஒரு பருவத்துக்கு என் தலையில் விழுந்தது. வகுப்பும் மதிப்பெண்ணும் அவரிடமே இருந்தன.

மதிப்பெண் போடும் நாளில் பாஜிலாவுக்கு முப்பத்தெட்டு எழுதினார். அவள் மேசை முன்னால் வந்து நின்றாள்.

“ரெண்டு எதுக்கு சார் கொறச்சீங்க?”

“படம் வைக்கல. முகத்தைப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காதே?”

“மவுத்து வீட்டுல எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாக சார். அங்கன போயி போட்டோ குடுங்கன்னா கேப்பாக?”

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு முப்பத்தெட்டை அடித்துவிட்டு நாற்பது போட்டார். எங்கள் மதிப்பெண் ஏட்டில் அடித்தல் இருந்தால் பக்கத்திலேயே காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ‘மாணவி சொன்னது சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.