எனக்கு ஜோடியாக வந்த மணல் மூட்டை

போன வருடம் ஐப்பசி மழையில், அரியலூரில் நடந்தது இது. எழுபத்தொரு வயதில் நான் ஜிம்முக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். காரணம் வேறாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆடியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துவிட்டாள். பேச்சும் தெளிந்துவிட்டது. இடது கையும் காலும் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பெரம்பலூரிலிருந்து மகள் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறதே. கார்த்திகை பிறந்ததும் கிளம்பியாக வேண்டும்.

“உங்களால அம்மாவ எழுப்ப முடியலன்னா நான் கூட்டிட்டுப் போயிடுறேம்ப்பா” என்றாள்.

அவள் வீட்டில் மாமனார் மாமியாரும் இருக்கிறார்கள். இன்னும் ஓர் ஆளை எப்படியாவது வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேரை முடியாது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பிரிந்து இருந்ததே கிடையாது. இரவெல்லாம் இதே யோசனை.

நான் சிமென்ட் ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதைப் பார்த்தாலும் எத்தனை கிலோ இருக்கும் என்றுதான் புத்தி ஓடும். அவள் ஐம்பத்தாறு கிலோ. ஒரு சிமென்ட் மூட்டை, அதற்கு மேல் ஆறு கிலோ. எனக்குத் தெம்பு போதவில்லை, அதை ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன்.

கடைவீதிப் பக்கம் ஒரு மாடியில் அந்த ஜிம் இருந்தது. குழுவாகச் சேர்ந்து பயிற்சி செய்யும் இடம். மாலை வகுப்பில் இளவட்டங்கள் இரும்பைத் தூக்கித் தடாலென்று போடுவதைப் பார்த்துப் பயந்து, காலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பதினான்கு பெண்கள், நான் ஒருவன். படிக்கட்டுக்குக் கைப்பிடி வேறு இல்லை. மழையில் வழுக்கிவிடுமோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறுவேன்.

பயிற்சி தரும் தம்பி நல்ல பையன்தான். ஆனால் பாட்டுச் சத்தத்தில் அவர் சொல்வது எதுவும் என் காதில் விழாது. முன்னால் நிற்பவர்களைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டுவேன், அவர்கள் இடப்பக்கம் திரும்பும்போது நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை ஜோடிப் பயிற்சி வந்தது. ஒருவர் உட்கார வேண்டும், மற்றவர் எதிரே நின்று கையைக் கொடுத்து எழுப்ப வேண்டும். இதற்காகத்தானே நான் வந்தேன்! ஏழு ஜோடி சேர்ந்துவிட்டது. நான் தனியாக நின்றேன். வேற்று ஆணோடு கைகோக்க எந்தப் பெண் வருவாள்? அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

தம்பி ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். “ஐயா, நீங்க இத வச்சிப் பண்ணுங்க.”

“ஐயாவுக்கும் ஜோடி கெடச்சிடுச்சு பாருங்கடி” என்றார் ஒரு பெண். “ரொம்ப அடக்கமான பொண்ணு, எதுத்துப் பேசாது” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் தம்பியிடம் போனேன். “ஒருத்தர எழுப்பி நிறுத்துறது எப்படின்னு கொஞ்சம் காட்டுங்க தம்பி” என்றேன். அடுத்த வகுப்புக்காரர்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். “குரூப்புல தனித்தனியா பாக்க முடியாதுங்கய்யா. நீங்க மூட்டைய விடாதீங்க, தெம்பு தன்னால வரும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரை எழுப்ப வேண்டும், எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

மகள் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தாள். யாரும் காட்டித்தர வேண்டாம், நானே எழுப்பிக்காட்டுகிறேன் என்று ஒரு வேகம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவளை, மூட்டையைப் பிடிப்பதுபோல் இடுப்போடு கட்டி வெடுக்கென்று இழுத்தேன். அவள் பயந்து என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். என் கால் பின்னால் சறுக்கியது. நான் தரையில், அவள் என் மடியில். நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் எழ முடியவில்லை. இருவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

“நான் என்ன சிமென்ட் மூட்டையா, இந்த இழு இழுக்கிறீங்க?” என்றாள்.

மணல் மூட்டைக் கதையைச் சொன்னேன். அடக்கமான பொண்ணு என்றதைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். படுத்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஒரு வார்த்தை கேக்கல பாரு அந்தத் தம்பி” என்று நான் குறைபட்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

“நீங்க கேட்டீங்களா? எந்தத் தோள் வலிக்கும், எந்தக் கால ஊன முடியும்னு ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டீங்களா?”

அவள் எத்தனை கிலோ என்று தெரிந்துவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மகள் வந்து பதறிப்போனாள். இருவருமாகப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினோம். மூச்சு வாங்கியது அடங்கியதும், “இப்ப அப்பா மட்டும் எழுப்பட்டும். நீ தள்ளி நில்லு” என்றாள் என் மனைவி. “நடு முதுகுல கை குடுங்க. இடது கைய இழுக்காதீங்க. நான் வலது கால ஊனி, முன்னால குனிஞ்சி, ‘ம்’ சொல்லுவேன். அதுக்கு முன்னாடி அசையக் கூடாது.”

காத்திருந்தேன். “ம்” என்றாள். அவள் பாதி எழுந்தாள், மீதிக்கு நான் போதுமாக இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் மகளைப் பார்த்தாள். “நீ ஊருக்குக் கெளம்பும்மா. நாங்க பாத்துக்குறோம்.” மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன்பின் நான் ஜிம் படி ஏறவில்லை. கார்த்திகையில் மகள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். இன்றும் தினமும் காலையில் என் மனைவியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அந்த ஒரு “ம்”முக்காக நிற்கிறேன். சில நாள் தாமதமாகத்தான் வரும். எதற்கும் அவசரப்படுகிற நான், அவள் தயாராகும்வரை அப்படி நிற்கும் நேரத்தில்தான் அவளுக்கு உண்மையிலேயே துணையாக இருக்கிறேன் என்று தோன்றுகிறது.