சாவி தராத அகான்

முகப்பவுடர் டப்பாவைத் தட்டித் தட்டி வண்டியின் வயிற்றில் பூசிக்கொண்டிருக்கிறார் அகான். மல்லாந்து கிடப்பதால் வெளியே தெரிவது ரப்பர் செருப்பு போட்ட இரண்டு பாதங்கள் மட்டும். பாதிப் பவுடர் வண்டிக்கு, மீதி அவர் முகத்துக்கு. எழுந்து வரும்போது கல்யாண வீட்டில் யாரோ அவசரமாக அலங்கரித்து அனுப்பியவர் போல இருப்பார். எங்கள் மலையூர் பாரியோவில் என் கடையில் முகப்பவுடர் அதிகம் வாங்குகிறவர் எந்தப் பெண்ணும் அல்ல, எதிரே பட்டறை வைத்திருக்கும் இந்த மெக்கானிக்தான். எந்தப் பவுடரானாலும் சரி, வாசனை தூக்கலாக இருக்கக்கூடாது என்பார். எண்ணெயின் வாடையை அது மறைத்துவிடுமாம்.

எங்கள் மலைக்கு ஏறி வரும் வண்டிகள் எல்லாம் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்புகள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது. இழுவையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது ஒழுக ஆரம்பித்தால் ஓட்டத்தில் அடிக்கும் காற்று எண்ணெயை அடிப்பக்கம் முழுக்கப் பரப்பிவிடும். எங்கே ஆரம்பம் என்று சொல்ல முடியாது. அகான் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, பவுடர் பூசி, பள்ளிக்கூட மேட்டில் ஒருமுறை ஏற்றி இறக்கச் சொல்வார். வண்டி திரும்பியதும் மறுபடி கீழே போய்ப் படுத்துக்கொள்வார். வெள்ளைப் பூச்சில் ஈரம் தொடங்கும் இடத்தை விரலால் தொட்டு, முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடப்பார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

"டவுன்ல சொட்டுற இடத்தைப் பாத்து ரப்பர் சீலை மாத்துவானுங்க. நாம ஒழுகுற இடத்தைப் பாக்கணும்" என்பார். இதைச் சொல்வதுகூட வண்டியிடம்தான். மனிதர்களிடம் அவர் அதிகம் பேசுவதில்லை. இலையில் பொதிந்த குழைசோற்றை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் நின்றுகொண்டே தின்பார். கையைக் கழுவச் சொன்னால் ஏதோ அவர் சொத்தைக் கேட்டதுபோல முறைப்பார். அவரோடு சண்டை போடாத நாள் எனக்கு நினைவில்லை.

அவர் பெயரே ஒரு வம்பு. எங்கள் கெலாபிட் இனத்து வழக்கத்தில் முதல் பிள்ளை பிறந்ததும் விருந்து வைத்துப் பெற்றவர்கள் புதுப்பெயர் எடுப்பார்கள். அப்படி ஊர்கூடிக் கொடுத்த பெயர் மாரன் ரிபு. மகன் லாவாய் போன பிறகு அந்தப் பெயரை அவர் விட்டுவிட்டார். மாரன் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கல்யாணத்துக்கு முன்பு இருந்த அகான் என்ற பெயரைச் சொன்னால்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

"அண்ணே, அந்தப் பேருக்கு ஊரே எருமைக்கறி தின்னாச்சு. இப்ப வேணாம்னா எப்படி? தின்ன கறிய யாரு திருப்பித் தர்றது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கறி கழிஞ்சு போச்சுல்ல தங்கச்சி. பேரும் அதோட போகட்டும்" என்றார்.



லாவாயின் உயிர் போனது இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியால்தான். அவன் வண்டியில் எண்ணெய் கசிவதை முதல்நாளே பார்த்தவர் அகான். நகரத்துக்குச் சுமை ஏற்றியாகிவிட்டது, பையனுக்கு அவசரம். "போயிட்டு வா, வந்தப்புறம் பிரிச்சுப் பாக்கலாம்" என்று முதுகில் தட்டி அனுப்பினார். வழியில் எண்ணெய் முழுக்க வற்றி, இறக்கத்தில் பெட்டி இறுகிப் பூட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றாமல் சேற்றில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்த வண்டியை மேலே கொண்டுவரவே முடியவில்லை. பையனை மட்டும் தூக்கி வந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் பட்டறையில் ஒரே சட்டம். ஒழுகும் வண்டி உள்ளே வந்தால் சாவியை வாங்கிக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அடியில் புது அட்டை விரித்து இரவு முழுக்க நிறுத்துவார். காலையில் அட்டையில் ஒரு பொட்டு இருந்தாலும் சாவி கிடையாது. ஓட்டுநர்கள் திட்டாத திட்டு இல்லை. "சொட்டாத வண்டி இந்த மலையில ஏதுய்யா?" என்பார்கள். "இருக்கட்டும். என் வாசல்லேர்ந்து போகாது" என்பார்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஓட்டுநர் பாரான் தன் வண்டியை அவரிடம் விட்டான். டவுனில் இரண்டுமுறை சீல் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. அவன் மனைவி சுபாங்குக்கு மாதம் நெருங்கியிருந்தது. பிரசவத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்கு அவள் விமானத்தில் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மேகம் ஓடுதளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது, விமானம் வருவதாக இல்லை. ஊரின் மற்ற வண்டிகள் எல்லாம் கீழே டவுனில் இருந்தன.

அகான் பவுடர் பூசிப் பார்த்தார். ஈரம் பின் சக்கரங்களுக்குப் போகும் தண்டு வெளியே வரும் இடத்தில், அதைச் சுற்றி இறுக்கும் ரப்பர் சீலில்தான் தொடங்கியது. ஆனாலும் சீலைத் தொடவில்லை. எண்ணெய் ஊற்றும் அடைப்பை மெல்லத் திருகினார். புஸ்ஸென்று காற்று சீறியது.

"பாத்தியா, மூச்சுமுட்டிக் கிடக்கு" என்று பெட்டியிடம் சொன்னார்.

பெட்டியிலிருந்து மேலே போகும் மூச்சுக்குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அதன் நுனியில் குளவி ஒன்று மண்ணால் கூடு கட்டிக் கெட்டியாக அடைத்திருந்தது. ஓட ஓட உள்ளே சூடேறி, போக வழியில்லாத காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. கம்பியால் கூட்டைக் குத்தி எடுத்தார். சீலின் உதடும் அதற்குள் தளர்ந்துபோயிருந்தது. மாற்றுச் சீல் வேண்டுமானால் அதுவும் விமானத்தில்தான் வரவேண்டும். உதட்டை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய கம்பிச்சுருளைக் கழற்றி, துளியூண்டு நறுக்கி, மறுபடி கோத்தார். தண்டில் பழைய உதடு தேய்த்த தடம் இருந்தது. அந்தத் தடத்தில் படாதபடி சீலைச் சற்று வெளியே தள்ளிப் பொருத்தினார். எண்ணெய் நிரப்பி, பவுடர் பூசி, மேடு ஏற்றி இறக்கிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அட்டையை விரித்துவிட்டுச் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கிளினிக் நர்ஸ் குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்தாள். பின்னாலேயே பாரான், அவன் தோளைப் பிடித்தபடி சுபாங்.

"பிள்ளை குறுக்க கிடக்கு. வலி எடுக்கறதுக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும். இப்பவே கிளம்பணும்" என்றாள் நர்ஸ்.

"காலையில பாத்துதான் சொல்வேன்" என்றார் அகான்.

"சித்தப்பா, மேட்டுல ஏத்திப் பாத்தீங்களே, காஞ்சுதானே இருந்துச்சு?" என்றான் பாரான்.

"அது ஒரு மேடு. நீ போற வழியில எத்தனை மேடு?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அண்ணே, உங்க அட்டை காயற வரைக்கும் பிள்ளை காத்துக்கிட்டிருக்குமா?" என்று கத்திவிட்டேன்.

சுபாங் மட்டும் கத்தவில்லை. பட்டறைப் பலகையில் மெதுவாக உட்கார்ந்து வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "மாமா, எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க போன்னா போறேன், இருன்னா இருக்கேன்" என்றாள்.

அவர் முகம் பவுடரையும் மீறி வெளுத்ததை நான் பார்த்தேன். திரும்பவும் வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். அட்டை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் விரித்து எவ்வளவு நேரம் ஆகிறது? வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. வந்தபோது கழுத்துக் கயிற்றை அறுத்துச் சாவியைப் பாரான் கையில் வைத்தார். கூடவே ஒரு டின் எண்ணெய், அடைப்பைத் திருகும் தன் சொந்த ஸ்பேனர்.

"ஒவ்வொரு ஆத்துக்கும் முன்னாடி நிறுத்து. அடைப்பைத் திற, விரல விடு. நுனியில எண்ணெய் படணும். படலேன்னா ஊத்து. ஊத்தாம ஒரு அடி நகரக்கூடாது."

"சரி சித்தப்பா."

"கீழ போயி எனக்குச் சொல்லு."

போயிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தை அவர் வாயில் வராது.

வண்டி கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. பட்டறையைத் திறந்துபோட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார் அகான். சக்கரத் தடத்தில் தேங்கிய குட்டைகள் ஒவ்வொன்றிலும் குனிந்து பார்த்தார். எண்ணெய் விழுந்திருந்தால் தண்ணீரின் மேல் நிறம் நிறமாகப் படலம் மிதக்குமே, அதைத் தேடினார். பள்ளிக்கூட மேட்டுக்கு அப்பால் அவர் மறைந்ததைத்தான் நான் பார்த்தேன். இருட்டிய பிறகே திரும்பினார். சோறு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் பட்டறை பூட்டியே கிடந்தது. பகலில் பாரான் என் போனுக்குக் கூப்பிட்டான். ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், பெண் குழந்தையாம், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். "வண்டி அடியில கைய விட்டுப் பாத்தேன்க்கா. பவுடர் சேறா ஒட்டியிருக்கு, எண்ணெய் ஒரு பொட்டு இல்ல. சித்தப்பாட்ட சொல்லிடுங்க" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடையை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

கடைசி வீட்டையும் தாண்டி, ஆற்றுக்கு இறங்கும் சரிவில்தான் இருந்தார். முதல்நாள் வண்டி போன தடத்தையெல்லாம் மழை எப்போதோ கரைத்திருந்தது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். பெண் குழந்தை என்று சொன்னேன், வண்டி காய்ந்திருக்கிறது என்று இரண்டுமுறை சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி தங்கச்சி" என்றார்.

பிறகு அடுத்த குட்டையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் விரலை நனைத்து, மூக்கருகே கொண்டுபோனார்.