கல்குட்டையில் வண்டி நிற்கும் இடம்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். தோல் பதனிடும் டிரம் சுற்றாமல் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது என்னை அதன் பக்கத்திலேயே விட மாட்டார்கள். அப்படிப்பட்டவனைத்தான் முதலாளி பாய் ஒருநாள் பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றைச் சரிசெய்யக் கூட்டிப்போனார். எனக்கு நீச்சல் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அவர்கள் தோட்டத்தை ஒட்டி, கல் உடைத்துவிட்டுப் போன பெரிய குவாரி. இப்போது நிறையத் தண்ணீர். மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, ஒரு பக்கம் மட்டும் படி. வண்டி பாயின் அண்ணன் பெரிய பாயுடையது. அவர் போன வருடம் தூக்கத்திலேயே இறந்துபோனார். தோட்டத்து வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார்; எங்களுக்கெல்லாம் பாபி, அதாவது அண்ணி. வண்டி ஓடினால் ஏலகிரிப் பக்கம் விடுதி நடத்தும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவார், ஓடாவிட்டால் இங்கேயே கிடக்கட்டும் என்றார் பாய்.

அவர் போனதும் பாபி வந்து, "சரி ஆய்டுமா ஃபிட்டரே?" என்று கேட்டார். ஆகிவிடும் என்றேன். நல்ல செய்தி கேட்ட முகமாக அது இல்லை.

பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். ஃபில்டரில் சேறு, தண்ணீர் இழுக்கும் வாயில் பாசி, இரண்டையும் எடுத்தேன். கரையில் நன்றாகவே உறுமியது. பாரம் ஏறினால்தான் குறை தெரியும் என்பதால், பாரமாக நானே ஏறினேன். பெரிய பாயின் லைஃப் ஜாக்கெட்டுக்குள் நான் எங்கோ இருந்தேன்.

உச்சி வெயில். காற்றே இல்லை. முழு வேகத்தில் ஒரு நிமிடம் போயிருப்பேன். நட்ட நடுவில் எஞ்சின் இளைத்து, இருமி, நின்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. எதிர்ப் பாறையிலிருந்து இன்னொரு வண்டி வருவதுபோல் ஒரு கணம் வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். தெரியாத இரண்டு சாமியையும் கூப்பிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே இடம்.

திரும்பி வந்தபோது பாபி படியில் நின்றிருந்தார். "அவரும் அங்கதான் நிறுத்துவாரு. நின்னு என்னயப் பாப்பாரு. நான் கை காட்டினதும் கெளம்பிடுவாரு. தெனமும்."

நான் ஜாக்கெட் பட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

நான்காவது முறை அங்கே நின்றதும், பயத்தில் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமென்று பெட்ரோல் மூடியைத் திறந்தேன். உள்ளே யாரோ நீளமாக மூச்சை இழுத்தார்கள். தண்ணீரில் விழாததுதான் அன்றைக்கு நான் காட்டிய ஒரே திறமை. அதற்குப் பிறகுதான் ஃபிட்டர் மூளை விழித்தது. டேங்க் காற்றுக்கு ஏங்குகிறது. பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வேண்டும். வரும் வழி அடைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் எஞ்சின் பட்டினி.

கரையில் காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே ஒரு தோல் துண்டு. எங்கள் ஊரில் எது கசிந்தாலும் தோலை வெட்டித்தான் வைப்போம். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் புதுச்செருப்பு வாசம் வரும். வாஷர் என் கைவேலை. ஆனால் இது என் வேலை மாதிரி இல்லை. ஓரம் சீவி, அளவாக வெட்டி, நடுவில் ஊசியால் ஓர் ஓட்டை. கசிவை அடைக்கிறவன் ஓட்டை போட மாட்டான். அந்த ஓட்டை வழியே மெல்லக் காற்று ஏறித்தான் நின்ற வண்டி பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்பியிருக்கிறது. பெரிய பாய் தெரிந்துதான் வைத்தாரா? நான் பாபியிடம் கேட்கவில்லை.

துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். வண்டி அந்த இடத்தைத் தாண்டிப் பறந்தது. திரும்பிப் பார்த்தேன். படியில் பாபியின் கை பாதி உயர்ந்து அப்படியே நின்றிருந்தது, நிற்காமல் போன பஸ்ஸுக்குக் காட்டியதுபோல.

ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்து நானே எஞ்சினை அணைத்தேன். பாபி கை காட்டினார். நானும் காட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், அவர் பார்த்தது என்னை இல்லை. என் தோளுக்குச் சற்றுப் பின்னால். சீட்டின் பின்பாதி லேசாக அமுங்கியது. அலை என்று சொல்லலாம். அலையடிக்கக் காற்று வேண்டும்; வண்டி கிளப்பிய அலையும் அடங்கியிருந்தது. எதைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதும் ஃபிட்டர் வேலையில் சேர்ந்ததுதான், நான் திரும்பவில்லை.

கரைக்கு வந்து தோல் துண்டை இருந்த இடத்திலேயே வைத்துக் குழாயை மாட்டினேன். சாயங்காலம் வந்த பாயிடம், "இது ஆவாது பாய்" என்றேன்.

"இன்னாப்பா, இத சொல்லவா ஒரு நாள் பூரா?" என்றார். திங்கட்கிழமைக்குள் இது தொழிற்சாலை முழுக்கப் பரவிவிடும் என்று தெரியும். பரவட்டும், என் பேருக்கு இது முதல் ஓட்டையா?

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடுதிக்காரர் வந்தார். பாய் என்னையும் வரச் சொல்லியிருந்தார். என் பேச்சை நம்பாமல் தானே ஓட்டிப் பார்த்தார். நடுவில் நின்றது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். படியிலிருந்து பாபி கை காட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது.

அவர் கரைக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினார். வண்டியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "எனக்கு வேணாம் பாய்," என்றார். "பின்னாடி ரொம்ப கனமா இருக்குது."