ஒரு கையுறை, நூற்றிருபது மாடுகள்

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. மாட்டின் வாலைத் தூக்கி, அடியில் ஓடும் நரம்பில் ஊசியை ஏற்றி, மாடு அசைபோடுவதை நிறுத்துவதற்குள் ரத்தம் எடுத்துவிடுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இத்தனை வருடத்தில் அவள் மதித்த மனிதர்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் விரல் மிச்சமிருக்கும். மாடுகளை மதித்தாள். அவை தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுவதில்லை.

பேராசிரியரை அவள் மதிக்கவில்லை. அவருடைய ரப்பர் பூட்ஸ் வாங்கிய நாளின் பளபளப்போடு அலமாரியில் இருந்தது. பக்கத்துப் பால் பண்ணையில் மாடுகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. தொற்றிய மாடு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். பால் கொஞ்சம் குறையும். நூற்றில் சில மட்டும் வருடங்கள் கழித்துக் கட்டி கட்டியாக வீங்கிச் சாகும். தொற்றிய ரத்தம் துளியளவு இன்னொரு மாட்டின் உடம்புக்குள் போனால் போதும். அந்தத் துளியைச் சுமப்பது ஈதான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். தொழுவம் முழுக்க மஞ்சள் பசை அட்டைகள் தொங்கின. ஒட்டிய ஈக்களை இரண்டு வருடம் எண்ணி வரைபடம் போட்டார். ஈ குறைந்தது. வைரஸ் குறையவில்லை. ‘படிச்ச படிப்புக்கு ஈ ஓட்டுற உத்தியோகம்’ என்று ஊசியக்கா மனதுக்குள் சிரித்துக்கொள்வாள்.

கூடப்பிறந்த தம்பியை அவள் அவருக்கும் கீழே வைத்திருந்தாள். அவன் அதே பண்ணையில் சினை ஊசி போடுகிறவன். பின்பக்கமாகக் கைவிட்டு, சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறவன். படித்தது மூன்று மாதப் பயிற்சி. ஆனால் ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையை முதல் மாட்டுக்கு மாட்டினால், கடைசி மாட்டைப் பார்த்த பிறகுதான் கழற்றுவான். நடுநடுவே ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பான்.

ஒரு காலை அந்த வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்ததை அவள் கவனித்தாள். உள்ளே கைவிடும்போது சில மாடுகளுக்கு லேசாக ரத்தம் கசியும். அன்று மாலையே தன் பரிசோதனைத் தாள்களையும் தம்பியின் பதிவேட்டையும் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். புதிதாகத் தொற்றிய பத்தொன்பது மாடுகளில் பதினாறு, தம்பி கைவிட்ட வரிசையில் தொற்றிய மாட்டுக்கு அடுத்து நின்றவை.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

“நீங்க ரத்தம் எடுங்கம்மா. யோசிக்கிறதை நாங்க பாத்துக்கறோம்.”

“ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் சார் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்து தம்பியைப் பிடித்தாள்.

“இனிமே மாட்டுக்கு மாடு கையுறைய மாத்து.”

“நூத்திருபது மாட்டுக்குமா? உனக்கென்ன பைத்தியமாக்கா? இத்தனை வருஷமா நான் பாக்காத மாடா?”

“மாத்துறியா, இல்ல நீ டாக்டரே இல்லைன்னு பண்ணைக்காரர்கிட்ட சொல்லட்டுமா?”

அவன் முகம் தொங்கிப்போனது. ஆய்வகத்திலிருந்து அவளால் கொண்டுவர முடிந்த கையுறைகள் பாதி மாடுகளுக்குத்தான் வந்தன. அதனால் இடது வரிசைக்கு மாட்டுக்கு மாடு புதிய கையுறை, வலது வரிசைக்குப் பழையபடி வாளி என்று ஏற்பாடானது. அவன் சினை பார்க்கும் நாளிலெல்லாம் அவள் கைகட்டிப் பக்கத்தில் நின்றாள். வலது வரிசை மாடுகள் அவளைத் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்தது. வலது வரிசையில் பதினொரு மாடுகளுக்குப் புதிதாகத் தொற்று. இடது வரிசையில் இரண்டுக்கு மட்டும்.

அந்த இரண்டுதான் அவளைத் தூங்கவிடவில்லை. தம்பி ஏமாற்றிவிட்டான் என்று ஒரே மூச்சில் முடிவுசெய்து அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“எந்த மாட்டுக்குடா மாத்தாம விட்ட?”

“நீதானக்கா பக்கத்துலயே போலீஸ் மாதிரி நின்ன!” என்றவன், மாட்டு எண்களைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான். “இதுங்க ரெண்டும் காதுல மாட்டின நம்பர் வில்லைய அறுத்துக்கிட்ட மாடுங்க. மறுபடி நம்பர் குத்தினது நீ. அந்த இடுக்கியைக் கழுவினியா?”

வில்லை மாட்டிய அன்று அவள் வலது வரிசை மாடுகளுக்குக் குத்திய கையோடுதான் இந்த இரண்டுக்கும் குத்தினாள். இடுக்கியின் பல்லில் ரத்தம் இருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்தது நினைவுக்கு வந்தது. மாட்டுக்கு மாடு ஊசி மாற்றும் தன் சுத்தத்தைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் அவள். இத்தனை நாள் மற்றவர்களை அளந்த அதே கண்ணால் அன்று தன்னை அளந்தாள். தம்பிக்கும் தனக்கும் ஒரு வாளித் தண்ணீர்தான் வித்தியாசம் என்று பட்டது.

பண்ணைக்காரர் முன்னால் நடந்த கூட்டத்தில், பரிசோதனை முடிவைப் பார்த்ததும் கட்சி மாறிவிட்ட பேராசிரியர் “எங்கள் குழுவின் கண்டுபிடிப்பு” என்று ஆரம்பித்தார். இடது வரிசையின் இரண்டு மாடுகளை “விளக்க முடியாதவை” என்று சொல்லித் தாண்டப் பார்த்தார்.

ஊசியக்கா எழுந்தாள். “விளக்க முடியும் சார். அது ரெண்டும் என்னாலதான் வந்துது. இடுக்கியைக் கழுவாம குத்தினேன்.”

“இதையெல்லாம் எதுக்கும்மா இங்க?” என்று பேராசிரியர் பல்லைக் கடித்தார்.

“வேற எங்க சார் சொல்றது? ஈகிட்டயா?”

பண்ணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே பெட்டி பெட்டியாகக் கையுறை வரவழைத்தார். இடுக்கியைக் கொதிக்கவைக்க அடுப்பு ஒன்றும் வந்தது. அடுத்த ஒரு வருடத்தில் பண்ணை முழுவதிலும் புதிதாகத் தொற்றியது ஒரே ஒரு மாட்டுக்குத்தான். பேராசிரியரின் கட்டுரை வெளியானது. அதில் ஈக்களுக்குத் தனியாக நான்கு பக்கம் இருந்தது. கையுறை யோசனை தன்னுடையது என்று தம்பி போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறான். கேட்டால் ஊசியக்கா உதட்டைப் பிதுக்குவாள். மறுப்பதில்லை.