மூன்று முறையும் மிச்சத் துண்டும்

இமெல்டாவுக்குக் கணக்கென்றால் சிறு வயதிலிருந்தே பயம். மன்னாரில் சூத்திரங்களை மனப்பாடம் செய்தே சோதனைகளில் தேறியவர். இப்போது நோர்வேயில், ஸ்ட்ரோம்மனில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை. சனிக்கிழமைகளில் ஹொல்ம்லியாத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பார்.

போன மாசியில், அங்கே கணக்குப் படிப்பிக்கும் சூசைரட்ணம் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அவருடைய வகுப்பும் இமெல்டாவின் தலையில் விழுந்தது. பாடம், வட்டம்.

"எனக்கு இந்த மத்தே, கணக்கு ஒண்டும் வராது, ரீச்சர்" என்று மேசையில் கவிழ்ந்து கிடந்தான் தர்மிகன்.

"எனக்கும் வராது" என்றார் இமெல்டா. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

புத்தகத்தைத் திறக்க மனமில்லை. குசினியிலிருந்து ஒரு நெடிய கிளாஸை எடுத்து வந்தார்.

"இதின்ரை உயரம் கூடவோ, வாயைச் சுத்தி வாற நீளம் கூடவோ?"

"உயரம்தான்!" என்று எல்லோரும் கத்தினார்கள். இமெல்டாவும் அப்படித்தான் நினைத்தார். நூலால் வாயைச் சுற்றி அளந்து, அதைக் கிளாஸின் பக்கத்தில் நீட்டிப் பிடித்தால், உயரத்தையும் தாண்டி நூல் தொங்கியது.

"நூல் இழுபடுது. ஏமாத்துறியள்!" என்றாள் மேரின். சப்பாத்து நாடாவால் அளந்தார்கள். அதுவும் தாண்டியது.

தர்மிகன் எழுந்து வந்து, கிளாஸ் வாயின் அகலத்துக்கு ஒரு துண்டு நூல் வெட்டினான். அதை வாயின் விளிம்பு வழியே வைத்துக்கொண்டு போனான். மூன்று முறை வைத்த பிறகும் கொஞ்சம் இடைவெளி. சாப்பாட்டுத் தட்டு, வாளி மூடி, பனியில் சறுக்கும் தட்டு என்று எதை அளந்தாலும் மூன்று முறை, பிறகு கொஞ்சம்.

"இன்னும் பெரிசெண்டா மாறுமோ, ரீச்சர்?"

"தெரியாது, அப்பன். வாங்கோ பாப்பம்."

முற்றத்தில் தர்மிகன் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து நடுவில் நின்றான். மறுநுனியை இழுத்துப் பிடித்தபடி இமெல்டா பனியில் சுற்றி நடந்தார். அவருடைய காலடிகள் பெரிய வட்டமாயின. மேரினைக் கூட்டிப்போக வந்த அவளுடைய அப்பா முகத்தைச் சுளித்தார்.

"படிப்பு இல்லையோ இண்டைக்கு?"

"அப்பா, இதைப் பிடியுங்கோ!" என்று, வட்டத்தின் அகலத்துக்கு வெட்டிய கயிற்றை மேரின் அவர் கையில் திணித்தாள். காலடிகள் வழியே அதை வைத்துப் போனார்கள். மூன்று முறை. மிச்ச இடைவெளியைக் குனிந்து பார்த்தவர், "இது எப்பிடி?" என்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தானே மறுபடி அளந்தார்.

அன்று வீடு திரும்பிய இமெல்டா பாடப்புத்தகத்தைத் திறந்தார். 3.14. எத்தனையோ முறை எழுதிய எண். அந்த மூன்றும் மிச்சத் துண்டும் இதுதானா! மகிழ்ச்சியாகவும் இருந்தது, இத்தனை காலம் ஒருவரும் நூலைக் கையில் தரவில்லையே என்று கோபமாகவும் இருந்தது.

சித்திரையில் சூசைரட்ணம் திரும்பி வந்தார். பிள்ளைகள் இமெல்டாவை விடவில்லை. இப்போது கணக்கு வகுப்பை இருவரும் சேர்ந்தே நடத்துகிறார்கள். போன கிழமை தர்மிகன் பந்துபோல் உருண்டையான ஒரு தோடம்பழத்தோடு வந்தான்.

"இதின்ரை தோலை உரிச்சுப் பரப்பினா, இந்தப் பழமளவு வட்டம் எத்தினை நிரம்பும்?"

சூசைரட்ணம் வாயைத் திறந்தார். இமெல்டா அவர் கையைப் பிடித்தார்.

"சொல்லிப்போடாதேங்கோ. எனக்கும் தெரியாது."